டிரெய்லர் லைட்டுக்குக் கொக்கி வழி எர்த் போதாது

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் இருட்டிய பிறகு லோடு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர்களைப் பின்னாலிருந்து பாருங்கள். லைட் இல்லாதது குறைவு, இருந்தும் எரியாததுதான் அதிகம். உடனே பல்பை மாற்றுகிறார்கள். கோளாறு பல்பில் இல்லை, பெரும்பாலும் எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில்.

பலர் லைட்டுக்கு ஒயர் இழுத்துவிட்டு, எர்த்தை டிரெய்லரை டிராக்டரோடு மாட்டும் கொக்கியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே துரு, கிரீஸ், ஆட்டம் எல்லாம் உண்டு. வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு அறுந்து அறுந்து சேரும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறதா? பிரேக் மிதித்தால் மற்ற லைட் மங்குகிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், பிரேக்குக்கும் டெயிலுக்கும் இரண்டு இழை உள்ள 21/5 வாட் பல்பின் இன்னொரு இழை வழியாகப் புகுந்து ஓடுகிறது. டிராக்டரிலிருந்து டிரெய்லர் லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 7 பின் பிளக்கில் 3ஆம் பின்தான் எர்த். அதிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் தனி ஒயர் இழுங்கள். சேசிஸில் போல்ட் போட்டு முடுக்குவதானால், பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முடுக்குங்கள்.

அடுத்த தவறு, ஒயரின் நிறத்தை மட்டும் பார்த்து இணைப்பது. 12 வோல்ட் பிளக்கில் வழக்கமாக 1 இடது இண்டிகேட்டர், 4 வலது, 6 பிரேக், 5ம் 7ம் டெயில். ஆனால் பட்டறையில் கையில் கிடைத்த நிறத்தில் ஒயரிங் செய்திருப்பார்கள். பிளக்கில் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் அச்சடித்த எண்ணைப் படித்து, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

முறுக்கிய ஜாயின்ட்டில் டேப் மட்டும் சுற்றினால் ஒரு மழைக்குத் தாங்காது. ஒயர் இறுக்கமாக இருந்தால் வளைவில் பிடுங்கிக்கொள்ளும், தொங்கினால் ரோட்டில் தேயும்.

செக் செய்யும்போது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் எரியும். டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டு, பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள். லோடு ஏற்றிய பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும், கரும்புத் தோகை தொங்கி லைட்டையே மூடிவிடும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் பிரேக் லைட்தான் ஒரே தகவல்.

பியூஸ் போனால் செம்புக் கம்பி சுற்றாதீர்கள், ஒயரே எரியும். சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பும் ஒட்டிவிடுங்கள். பேட்டரி இறங்கி ஓரத்தில் நிற்கும் டிரெய்லரை அதுதான் காட்டும்.