பேட்டரியில் 48, மீட்டரில் 53: கோல்ஃப் கார்ட் லித்தியம் வோல்ட் கணக்கு

கோல்ஃப் கார்ட்டில் பழைய லெட் ஆசிட் பேட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் போட நினைப்பவர்கள் முதலில் குழம்புவது வோல்ட்டில்தான். ஒரே பேக்கை ஒருவர் 48 என்பார், இன்னொருவர் 51.2 என்பார், சார்ஜரில் 58.4 என்று அச்சடித்திருக்கும். பெரும்பாலும் மூவர் சொல்வதும் சரிதான்.

படி 1: சீட்டைத் தூக்கிப் பழைய பேட்டரிகளைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் துளை ஒன்றுக்கு 2 வோல்ட். மூன்று துளை என்றால் 6 வோல்ட், நான்கு என்றால் 8. ஆறு பேட்டரி இருந்தால் வண்டி 36 வோல்ட்டாகவும் இருக்கலாம், 48 ஆகவும் இருக்கலாம். பேட்டரியை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள், துளையையும் எண்ணுங்கள்.

படி 2: புதிய பேக்கில் எத்தனை செல் என்று கேளுங்கள். பெயரைவிட இதுதான் முக்கியம். கார்ட்டுகளுக்கு அதிகம் வருவது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை. அதில் ஒரு செல்லுக்குச் சராசரி 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.65, அடிமட்டம் 2.5. அதாவது 12 செல் அடுக்கினால் 38.4 வோல்ட், இதைத்தான் '36' என்று விற்கிறார்கள். 16 செல் என்றால் 51.2; சார்ஜ் ஏறும்போது 58.4 வரை போகும், 40-க்கு இறங்கினால் காலி. 24 செல் 76.8; இது '72' வகை. என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) என்ற இன்னொரு லித்தியம் வகையில் 13 செல்லையும் 48 என்றே சொல்வார்கள், அதன் உச்சம் 54.6தான். அதற்கு 58.4 சார்ஜரை மாட்டினால் ஆபத்து.

படி 3: கன்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, அதன் லேபிளில் உள்ள உச்ச வோல்ட்டைப் பாருங்கள். பேக்கின் முழு சார்ஜ் அளவு அதைத் தாண்டக் கூடாது. 36 வண்டியில் 48 போட்டால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் கன்ட்ரோலர், சோலனாய்டு (பேட்டரி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), சார்ஜர், விளக்குக்கான 12 வோல்ட் கன்வெர்ட்டர் எல்லாமே அதைத் தாங்க வேண்டும். முதல் முறை செய்பவர்கள் இருக்கிற வோல்ட்டிலேயே நிற்பது நல்லது என்பேன்.

படி 4: ஆம்பியர்-அவர் (Ah) எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள், வோல்ட்டால் பெருக்குங்கள். 38.4 × 120 போட்டால் சுமார் 4.6 யூனிட், 51.2 × 100 போட்டால் 5.1. 'நூறு'தான் பெரியது! மேட்டில் ஏற 5 கிலோவாட் வேண்டுமென்றால் முதல் பேக் 130 ஆம்பியர் கொடுக்க வேண்டும், அடுத்ததற்கு 98 போதும். கேபிளும் அவ்வளவு சூடாகாது.

படி 5: சாவியை அணைத்து, மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். 16 செல் பேக் சார்ஜ் முடிந்து ஓய்ந்தபின் 53 சொச்சம் காட்டும். அப்புறம் பாதி தீர்ந்தாலும் ஏறக்குறைய ஒரு வோல்ட்தான் இறங்கும். அதனால் பழைய வோல்ட் மீட்டரை நம்பி தூரம் போகாதீர்கள், பிஎம்எஸ் (பேக்குக்குள் இருந்து செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) காட்டும் சதவீதத்தைப் பாருங்கள். புதுப் பேக்கில் மீட்டர் 0 காட்டினால் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பிஎம்எஸ் தூங்கிக்கொண்டிருக்கலாம், பேக்கில் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.