மின்னோட்டம் தராத பழைய சோலார் பேனல்: சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சோலார் பேனல் ஒன்றை வாங்கி வந்து இணைத்த பிறகு அதிலிருந்து மின்னோட்டமே வராவிட்டால், செல்களுக்கு வயதாகிவிட்டது என்று உடனே முடிவு கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. சிலிக்கான் பேனல் முதுமையால் இழக்கும் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். 20 ஆண்டுகள் வெயிலில் நின்ற பேனலும் தன் திறனில் பெரும்பகுதியைத் தர வேண்டும். குறைவாகத் தந்தால் வயதைக் காரணம் சொல்லலாம். எதுவுமே தராவிட்டால், மின்பாதை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ குறுக்கே சேர்ந்திருக்கிறது, அல்லது நாம் அளந்த விதம் தவறு. கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேனல் தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மல்டிமீட்டரை ஏசி (மாறுதிசை மின்சார) அளவில் வைத்துவிட்டுப் பேனலைக் குறை சொல்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் குழல்விளக்கின் கீழ் வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. மின்னழுத்தம் மங்கிய ஒளியிலும் ஓரளவு எழும், மின்னோட்டமோ விழும் ஒளியின் அளவுக்கு ஏற்பவே அமையும் என்பதால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஏசி மட்டும் அளக்கும் வகையைப் பேனலின் கம்பியில் மாட்டினால், பேனல் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அது பூஜ்யத்தையே காட்டும். நானும் ஒருமுறை நல்ல பேனலைப் பழித்தபடி ஒரு மதியம் முழுவதையும் கழித்தேன். மீட்டரின் ஆம்பியர் பகுதிக்கான ஃப்யூஸ்தான் முன்பே எரிந்துபோயிருந்தது. மீட்டரை ஓம் அளவில் வைத்து, வோல்ட் துளையிலிருந்து வரும் கம்பியின் முனையை ஆம்பியர் துளைக்குள் செருகிப் பார்த்தால், பல மீட்டர்களில் அந்த ஃப்யூஸின் நிலை உடனே தெரிந்துவிடும்.

அடுத்த தவறு சற்று நுட்பமானது. 36 செல்கள் கொண்ட பேனலில் சுமை (மின்சாரத்தை இழுக்கும் கருவி) எதுவும் இல்லாத நிலையில் 21 வோல்ட் அளவுக்குக் காட்டினால், பேனல் நலமாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று நினைத்துவிடுகிறார்கள். மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம் என்ற அளவில் இருப்பதால் அது இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம். மயிரிழையில் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பற்றவைப்பும், பச்சை பூத்த ஒரு கனெக்டர் ஊசியும் அந்தச் சொற்ப மின்னோட்டத்தைத் தடையின்றி விட்டுவிடும் என்பதால் முழு மின்னழுத்தமும் மீட்டரில் தெரியும். சுமையை ஏற்றியவுடன் அதே இணைப்பு மின்னழுத்தம் முழுவதையும் தானே விழுங்கிவிடும். ஆகவே மின்னழுத்தம் கிடைத்த பிறகு, பேனலைக் கெட்டித் துணியால் மூடி, மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றி, ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரை அதன் இரு முனைகளுக்கு இடையே மாட்டி, பின்பு துணியை விலக்கிக் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை அளக்க வேண்டும். நல்ல வெயிலில் அது பின்புற ஒட்டுவில்லையில் அச்சிட்ட அளவை நெருங்கியிருக்க வேண்டும். அந்த அளவு மீட்டரின் வரம்பைத் தாண்டுமா என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்வது அவசியம், ஏனெனில் புதிய பெரிய பேனல்கள் பல 10 ஆம்பியருக்கு மேல் தருபவை. இதே சோதனையைப் பேட்டரி முனைகளில் எவரும் செய்யக் கூடாது. பேனல் தன் வரம்புக்கு மேல் தராது. பேட்டரிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்று மின்னேற்றத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் பூஜ்யம் தெரிவதை வைத்து மட்டும் பேனலை எடைபோடுவதும் தவறு. பேட்டரி நிறைந்திருந்தால் கன்ட்ரோலர் மின்னோட்டத்தைத் தானே குறைத்துவிடும். பேட்டரி முற்றிலும் வடிந்திருந்தால் பல கன்ட்ரோலர்கள் விழிப்பதே இல்லை. பேட்டரியை முதலிலும் பேனலைப் பிறகும் இணைக்க வேண்டும் என்ற வரிசையை மாற்றிச் செய்ததால் குழம்பி நிற்பவையும் உண்டு.

மின்னழுத்தமே குறைவாக இருந்தால், அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே துப்புச் சொல்லும். 60 செல் பேனலில் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் (நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தருபவை), ஒவ்வொன்றும் 20 செல்களுக்குக் காவலாக, பின்புறம் கம்பிகள் வெளிவரும் பெட்டியான ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்கும். ஒரு டயோடு குறுக்காகிவிட்டால், அதாவது இரு திசையிலும் மின்சாரத்தை விடும்படி கெட்டுவிட்டால், ஏறத்தாழ 37 வோல்ட் 25 ஆகும், இரண்டாவதும் போனால் 12 ஆகும், மூன்றும் போனால் ஒன்றுமே வராது. பேட்டரியைத் தலைகீழாக இணைத்ததாலோ அருகில் இடி விழுந்ததாலோ இப்படி நேரலாம். முந்தைய உரிமையாளர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். செல்களில் பழுதில்லாமல் டயோடுகள் மட்டும் கெட்டிருக்கும் இத்தகைய பேனலைத் தூக்கி எறிவது வீண். பேனலை மூடிவிட்டு டயோடைச் சோதிக்கையில் இரு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிய அளவு வந்தால் அது குறுக்காகிவிட்டது என்று கொள்ளலாம். புதியதைப் பொருத்தும்போது கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். கெட்ட டயோடைக் கழற்றிவிட்டு இடத்தைக் காலியாக விட்டால் மின்னோட்டம் வரும்தான், ஆனால் நிழல் விழும் நாளில் அந்த வரிசையின் செல் சூடேறிக் கருகும்.

கனெக்டரின் வடிவத்தைப் பார்த்துப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நம்பிவிடக் கூடாது. பழைய பேனலில் யாரோ மாற்றிக் கோத்திருக்கலாம் என்பதால் மீட்டரில் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். மின்னோட்டம் ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால் எழும் டிசி தீப்பொறி எளிதில் அணையாது. முதலில் பேனலை மூட வேண்டும். கண்ணாடி உடைந்த பேனலிலோ, பின்புறத் தாளில் கருகிய தழும்பு உள்ள பேனலிலோ இந்தச் சோதனைகளைத் தொடர வேண்டாம்: ஈரம் உள்ளே இறங்கிச் சட்டத்திலேயே மின்சாரம் நிற்கக்கூடும், அத்தகைய பேனலைப் பழுதுபார்க்கவும் வழியில்லை.