சங்காயக் கூடையில் தெரியாத மீன் கிடைத்தால்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு கரைக்கு வந்ததும் இறால், கணவாய் எல்லாம் தனியாகப் பிரிந்துவிடும். மிச்சம் சங்காயம் என்று குவிந்து கிடக்கும், அப்படியே உலர்த்திக் கோழித்தீவனத்துக்குப் போகும். விரல் நீள மீனில் புதுசு தேடுகிறவர்கள் உட்கார வேண்டிய இடம் அந்தக் குவியல்தான். கடல்குதிரை கிடைத்தால் மட்டும் வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள், 2001 முதல் அது வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

முதலில் போட்டோ. மீனைக் கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் போட்டால் நிறம் போய்விடும் என்பதால் மீன் ஈரமாக இருக்கும்போதே, தலை இடது பக்கம் பார்க்க, துடுப்புகளைக் குண்டூசியால் விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். அடுத்து வலது பக்கத் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். இதை ஃபார்மலினுக்கு முன்பே செய்துவிட வேண்டும், பின்னால் டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு. அப்புறம் மீனை ஒரு பங்கு ஃபார்மலின், ஒன்பது பங்கு தண்ணீர்க் கலவையில் சில நாள் வைத்து, கழுவி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள். குஞ்சுக்கு ஒரு நிறம், பெரிசுக்கு வேறு நிறம். கிளிமீனில் ஆணும் பெண்ணுமே வேறு மீன் மாதிரி இருக்கும். வாயைப் பார்ப்பதும் துடுப்பு முள்ளை எண்ணுவதும்தான் வழி. காரலை எடுத்துக்கொள்வோம், குவியலில் எப்படியும் இருக்கும். வாயை இடுக்கியால் மெதுவாக வெளியே இழுங்கள். குழாய் மேல்நோக்கி நீண்டால் செக்குட்டர் வகை. முன்நோக்கி நீண்டு உள்ளே கோரைப்பல் தெரிந்தால் காஸா. கீழ்நோக்கி வளைந்தால் லியோக்நாதஸ் பக்கம் தேடுங்கள். வாய் மூடியிருக்கும்போது மூன்றும் ஒரே வெள்ளிக்காசு.

பிறகு முதுகுத் துடுப்பு. பின்னாலிருந்து டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து, முள்ளைத் தனியாகவும், அதற்குப் பின்னால் வளையும் மென்கதிரைத் தனியாகவும் எண்ணுங்கள். ஒருமுறை ஒரு காரலில் ஏழே முள் இருக்கிறது என்று இரண்டு நாள் குதூகலித்தேன். காரலுக்கு எட்டு, முதல் முள் ரொம்பச் சின்னது, ஊசியால் கிளறியதும் தோலுக்கடியிலிருந்து எட்டிப்பார்த்தது. கடைசி மென்கதிர் அடிவரை பிளந்து இரண்டாகத் தெரிந்தாலும் ஒன்றுதான். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடிவரை அளங்கள், வால் துடுப்பைச் சேர்க்கக் கூடாது.

எண்கள் கையில் இருந்தால், மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. 1984-ல் வெளியிட்ட அடையாளத் தாள்களில் குடும்பம், பேரினம் என்று இறங்கி வாருங்கள். அதில் உள்ள பெயர்கள் பழசு என்பதால் ஃபிஷ்பேஸ் என்ற இணைய மீன் தரவுத்தளத்திலும் சரிபாருங்கள். செக்குட்டரையே இப்போது டெவெக்சிமென்டம் என்கிறார்கள். "நம் கடலில் பதிவே இல்லை" என்று துள்ளுவதில் பாதி இப்படிப் பழைய பெயரில் ஏற்கெனவே பதிவான மீனாகத்தான் முடியும். உண்மையிலேயே பதிவில்லை என்றாலும் அது இந்தப் பகுதிக்குப் புதுசு, அவ்வளவே. உலகுக்கே புதிய இனம் என்பது வேறு கதை, அதற்கு நெருங்கிய இனங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டாக வேண்டும்.

மீனை வீட்டு ஜாடியிலேயே வைத்திருந்தால் யாரும் மறுபடி சரிபார்க்க முடியாது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் மாதிரி ஓர் அருங்காட்சியகத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். மன்னார் வளைகுடாவா பாக் நீரிணையா, எந்த ஆழம், எந்த வலை என்று படகுக்காரரிடம் அன்றைக்கே கேட்டு, லேபிளை பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும்.