சைலன்சரில் துரு ஓட்டையா?

பைக் சைலன்சரில் துருப்பிடித்துச் சின்ன ஓட்டை விழுந்தால் உடனே புதிது வாங்க வேண்டாம். வண்டி நன்றாக ஆறியதும் எமரி பேப்பரால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, சூடு தாங்கும் சைலன்சர் பேஸ்ட்டைப் பூசி, மேலே பழைய டப்பாவில் வெட்டிய தகரத்தைச் சுற்றி, இரண்டு ஓரத்திலும் ஹோஸ் கிளாம்ப் (திருகி இறுக்கும் உலோக வளையம்) போட்டு இறுக்கி, ஒரு இரவு காயவிடுங்கள். எம்-சீல் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டுக்குத் தாங்காது.

அப்புறம், பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, பக்கத்துக் கடைவரை மட்டுமே ஓடும் வண்டியில் அது ஆவியாகாமல் உள்ளேயே தங்கித் துருவேற்றும். அதனால் சில வண்டிகளில் சைலன்சரின் அடியில் கம்பெனியே விட்டிருக்கும் பொடித் துளையை அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் வடிய வேண்டிய வழி அது. இன்ஜினை ஒட்டிய வளைவுக் குழாயில் ஓட்டை என்றால் வெல்டிங்தான் சரி.