வெள்ளப் பகுதியில் வீட்டுக் காப்புறுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் காப்புறுதி முகவராக இருக்கிறேன். முதல் வீடு வாங்கிய இளம் தம்பதியர் சாவி கைக்கு வந்ததும் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. பிரீமியம் கட்ட மறப்பது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வங்கி எடுத்துக் கொடுத்ததே போதும் என்பது

வீட்டுக் கடனோடு வரும் அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே. வெள்ளம் வேண்டுமென்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். அல்லது வெள்ளமும் சூறாவளியும் அடங்கிய வீட்டு உரிமையாளர் பாலிசியை எடுக்க வேண்டும். கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைத் தீர்க்கும் அடமானக் காப்புறுதி வேறு. அதற்கும் வீட்டுச் சுவருக்கும் தொடர்பே இல்லை.

கடன் குறையக் குறையக் காப்புறுதியையும் குறைப்பது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பட்டர்வொர்த் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னை அழைத்தார். தரை வீடு. மின்கம்பிகள், கதவுகள், பொருத்திய சமையலறை அலமாரிகள் எல்லாம் பாழ். பழுதுபார்க்க 36,000 ரிங்கிட் ஆகும் என்றார்கள். பாலிசியில் வெள்ளம் இருந்தது. ஆனால், "கடன்தான் குறைந்துவிட்டதே" என்று ஆண்டுதோறும் தொகையைக் குறைத்து, 120,000 ரிங்கிட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் அவருடைய முகவர். அந்த வீட்டைத் திரும்பக் கட்ட 240,000 ரிங்கிட் தேவை.

பெரும்பாலான பாலிசிகளில் ‘எவரேஜ்’ என்ற விதி உண்டு. பாதி மதிப்புக்குக் காப்புறுதி எடுத்தால், இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். அவருக்குக் கணக்கில் வந்தது 18,000 ரிங்கிட். அதிலும் வெள்ள இழப்பில் பாலிசிதாரரே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை போயிற்று. சேதம் 36,000 தானே, காப்புறுதி 120,000 இருக்கிறதே என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்வி. பாலிசி எடுக்கும் நாளிலேயே முகவர் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

கடன் பாக்கியைப் பார்க்காதீர்கள். வீட்டை வாங்கிய விலையையும் பார்க்காதீர்கள். ஜார்ஜ்டவுனில் விலையின் பெரும்பகுதி நிலத்துக்குரியது, நிலத்துக்குக் காப்புறுதி தேவையில்லை. இடிபாட்டை அகற்றி, இன்றைய கூலியில், இன்றைய பொருள் விலையில் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதே தொகை. மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் இணையத்தளத்தில் இதற்கான கணிப்பான் இருக்கிறது. பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டினீர்களா? அந்தச் செலவையும் சேருங்கள். ஒவ்வொரு முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போதும் மறுபடி கணக்கிடுங்கள்.

கட்டடத்துக்கு எடுத்துவிட்டுப் பொருள்களை மறப்பது

குளிர்பெட்டி, மெத்தை, சோபா ஆகியவற்றுக்குத் தனிப் பாலிசி வேண்டும். வெள்ளம் முதலில் தொடுவது இவற்றைத்தான். வழக்கமான பாலிசிகளில், தனியாகக் குறிப்பிடாத ஒரு பொருளுக்கு மொத்தத் தொகையில் 5 விழுக்காடுதான் உச்ச வரம்பு. நம் வீடுகளில் தாலிக்கொடியும் வளையலும் இருக்கும். அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

மலைச்சரிவு வீடு

மண்சரிவுக்கான காப்புறுதியைப் பாலிசியில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அடுக்குமாடி

நிர்வாகத்தின் காப்புறுதி கட்டடத்தோடு முடிந்துவிடும். உங்கள் பொருள்களுக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

நீண்ட காலம் பூட்டிய வீடு

சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் கவனியுங்கள்: 90 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

முதலில் கழுவி விடுவது

வெள்ளம் வடிந்ததும் வாளியோடு இறங்காதீர்கள். சுவரில் நீர் நின்ற கோட்டையும் நனைந்த ஒவ்வொரு பொருளையும் படமெடுங்கள். மின்பொருள்களின் வரிசை எண் தெரிய வேண்டும். நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எதையும் குப்பை லாரியில் ஏற்றாதீர்கள்.