மிட்ஃபீல்டில் ஆடியவர் ஊர்ப் பையன்களுக்கு கோச் ஆவது எப்படி?

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் வருஷக்கணக்கில் கால்பந்து மைதானத்தில் நடுக்களத்தில் (மிட்ஃபீல்டில்) ஓடிவிட்டு, இப்போது முட்டி மக்கர் பண்ணுகிறது, பசங்களுக்காவது சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்களா? தாராளமாக இறங்குங்கள். ஆனால் முதலில் ஒரு ஜெர்மன்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

மரியோ பாஸ்லர். 1994-95-ல் ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்கான புந்தஸ்லிகாவில் மிட்ஃபீல்டராக இருந்துகொண்டே 20 கோல் போட்டு, அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர் என்ற பெயரை ஹெய்கோ ஹெர்லிஷுடன் பகிர்ந்துகொண்டவர். 1999-ல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் பாயர்ன் மியூனிக்குக்காக 6-வது நிமிஷத்திலேயே ஃப்ரீகிக்கில் கோல் போட்டார். ஆடி முடித்தபின் அவர் கோச்சாகப் போனது பெரும்பாலும் கீழ் டிவிஷன் அணிகளுக்குத்தான். 2009-ல் ஜெர்மன் கோப்பையில் நாலாவது டிவிஷனில் இருந்த ட்ரியர் அணி, முதல் டிவிஷன் ஹன்னோவர் 96-ஐ 3-1 என்று சாய்த்தபோது பெஞ்சில் கோச்சாக இருந்தவர் அவர்தான். அந்த ஃப்ரீகிக் காலால் அன்றைக்கு ஒரு பந்தைக்கூட உதைத்திருக்க முடியாது. கோச் வேலை முழுக்க அதுதான்: உங்களுக்குத் தெரிந்ததை இன்னொருவன் காலில் வரவைக்க வேண்டும்.

அதனால் பிராக்டிஸில் நீங்களும் சேர்ந்து ஆடாதீர்கள். கை துறுதுறுக்கும், கால் அதைவிட. ஆடினால் எல்லாப் பந்தும் உங்களிடமே வரும், பையன்கள் உங்களை வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஓரமாக நின்று ஒரு பையனை மட்டும் கவனியுங்கள். பந்து வருகிறது, அவன் பந்தையே பார்க்கிறான், வாங்கியபிறகுதான் தலையைத் தூக்குகிறான், அதற்குள் எதிராளி மேலேயே வந்துவிடுகிறான். இதைச் சரிபண்ண ஒரு பயிற்சி போதும். அவனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து காலுக்கு வருவதற்குள் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்திச் சொல்ல வேண்டும். முதலில் பந்து தப்பித் தப்பிப் போகும், போகட்டும், திட்டாதீர்கள். பழகியதும் சின்னக் கட்டம் போட்டு (கோன் இல்லையென்றால் செருப்பு போதும்) நாலு பேர் பாஸ் பண்ண, இரண்டு பேர் பிடுங்க, ஆளுக்கு இரண்டு டச் (பந்தை இரண்டு தடவைதான் தொடலாம்) என்று விடுங்கள். நடுக்களத்தில் நீங்கள் இயல்பாகச் செய்ததெல்லாம் மெதுவாக அவர்களுக்கும் வரும்.

நேரம் காலையில்தான். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது ஏழரைக்கெல்லாம் முடித்துவிடுங்கள், நடுநடுவே தண்ணீருக்கு நிறுத்துங்கள். பன்னிரண்டு வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாலாம் நம்பர் பந்து, அதற்கு மேல் அஞ்சாம் நம்பர். கிரவுண்டுக்கு நேதாஜி ஸ்டேடியத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பள்ளி மைதானத்துக்கு ஹெட்மாஸ்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் கோச் லைசென்ஸ். அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் டி லைசென்ஸ் படிப்பை முடித்துவிடுங்கள். நன்றாக ஆடியவர்தானே, எதற்கு என்று தோன்றும். சின்னப் பசங்களுக்கு எந்த வயசில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது ஆடிய அனுபவத்தில் தானாக வராது.

மேட்ச் அன்றைக்கு லைனில் நின்று ஒவ்வொரு பாஸுக்கும் குரல் கொடுக்காதீர்கள். ஹாஃப்டைமில் இரண்டே விஷயம் சொல்லுங்கள், அதிலும் ஒன்று அவர்கள் நன்றாகச் செய்ததாக இருக்கட்டும்.