பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி இலக்குகள்: எங்கே சறுக்குகிறோம்?

பிள்ளைக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, தொடங்கியதும் பெற்றோர் கைக்கு இலக்குகள் எழுதிய ஒரு தாள் வந்து சேரும். ‘கைத்தசைகளின் வலிமை கூடும்’, ‘பென்சில் பிடிமானம் மேம்படும்’, ‘கவனம் அதிகரிக்கும்’ என்று நான்கைந்து வரிகள் அதில் இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே தாளை எடுத்து இவற்றில் எது நிறைவேறியது என்று கேட்டால், எழுதியவரே தடுமாறுவார். சிகிச்சையில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வரிகளை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

ஓர் இலக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது: இது நிறைவேறினால் இந்தப் பிள்ளையின் பள்ளி நாளில் எந்தப் பொழுது மாறும்? காலையில் பையைத் திறக்கும் பொழுதா, கரும்பலகையைப் பார்த்து எழுதும் பொழுதா, இடைவேளையில் கழிவறைக்குப் போகும் பொழுதா? பதில் வரவில்லை என்றால், தெரபிஸ்ட் தமக்காக எழுதிவைத்த வேலைக்குறிப்பு ஒன்று இலக்கின் பெயரில் உலவுகிறது என்று பொருள்.

மணி கோப்பதில் தேர்ச்சி

‘எட்டு வாரங்களுக்குள், ஐந்து நிமிடத்தில் 20 மணிகளைக் கோப்பாள்’ என்ற இலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவானது, அளக்கக்கூடியது, எட்டக்கூடியது, காலக்கெடுவும் உண்டு. ‘ஸ்மார்ட்’ சூத்திரத்தின்படி குறை சொல்ல இடமில்லை. அந்தச் சூத்திரம் 1981இல் ஜார்ஜ் டோரன் நிறுவன மேலாளர்களுக்காக எழுதியது. இலக்கைக் கச்சிதமாக எழுத அது கைகொடுக்கும். அந்த இலக்கு பிள்ளைக்குத் தேவைதானா என்பதை அது பார்த்துச் சொல்லாது. வகுப்பில் யாரும் மணி கோக்கச் சொல்வதில்லை. கால்சட்டைப் பொத்தானைத் தானே போட வராததால், கழிவறைக்குப் போக அஞ்சி, பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் தாளில் மணிக்கு என்ன வேலை?

மணி கோத்தால் விரல் தேறும், விரல் தேறினால் பொத்தான் தானாக வந்துவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மணி கோத்துப் பழகியவள் மணி கோப்பதில்தான் கெட்டிக்காரியாவாள். மனிதரின் செயல்பாடு, குறைபாடு பற்றி உலக சுகாதார அமைப்பு 2001இல் வெளியிட்ட வகைப்பாடு, உடலின் இயக்கம், மனிதர் செய்யும் செயல், வாழ்க்கையில் பங்கேற்பு என்று தனித்தனித் தளங்களாகப் பிரித்துக் காட்டியது. இலக்கு பின்னிரண்டில் இருக்கட்டும். தசை வலிமையும் விரல் நயமும் அதற்குப் போகும் வழியில் வந்தால் போதும். நோக்கமில்லாத பயிற்சிகளை, அதாவது கூம்புகளை அடுக்குவது, முளைகளைச் செருகுவது போன்றவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கமே 2018இல் தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது.

பென்சில் பிடிமானம் இந்தப் பிழையின் செல்லப்பிள்ளை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பாடநூல் படத்தில் உள்ளபடி அமைய வேண்டும் என்று மாதக்கணக்கில் போராடுகிறோம். கனடாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பரவலாகக் காணப்படும் நான்கு முதிர்ந்த பிடிகளை ஒப்பிட்டது. எழுத்தின் வேகத்திலும் தெளிவிலும் அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கை வலிக்கிறது என்றாலோ, இரண்டு வரி எழுதியதும் களைத்துப்போகிறான் என்றாலோ பிடியைக் கவனிக்கத்தான் வேண்டும். எழுத்து ஓடுகிறது, மற்றவரால் படிக்க முடிகிறது, வலியும் இல்லை என்றால் விரல்களை அவற்றின் போக்கில் விட்டுவிடலாம்.

எண்பது சதவீதம் என்னும் நோய்

எந்தச் செயலாக இருந்தாலும் ‘80 சதவீதத் துல்லியத்துடன்’ என்று ஒட்டிவிடுவது ஒரு பழக்கம். சட்டையின் ஜிப்பை 80 சதவீதத் துல்லியத்துடன் மேலேற்றுவது எப்படி? ஷூ நாடாவை முக்கால்வாசி கட்டினால் அது கட்டாத நாடாதான். சாலையை ஐந்து முறையில் நான்கு முறை பத்திரமாகக் கடப்பாள் என்ற இலக்கை எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? செயலுக்கு ஏற்ற அளவுகோல் வேண்டும். சிலவற்றுக்கு நேரம், சிலவற்றுக்கு வாரத்தில் எத்தனை நாள், சிலவற்றுக்கு எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்ற கணக்கு.

‘குறைந்த உதவியுடன்’ என்பதும் இதே ரகம். யாருடைய குறைவு? ஒருவர் பொத்தானின் விளிம்பைத் துளையருகே கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதைக் குறைந்த உதவி என்பார். இன்னொருவருக்கு ‘அடுத்தது என்ன?’ என்று வாயால் கேட்பதே உதவிக் கணக்கில் சேரும். எந்த உதவி, எத்தனை முறை என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

ஒரு வரி எப்படி இலக்காகிறது?

ஒன்பது வயதுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் தாளில் ‘பார்த்து எழுதும் திறன் மேம்படும்’ என்று இருக்கிறது. தெரபி அறையை விட்டு வகுப்புக்குப் போய்ப் பார்த்தால் நடப்பது இது: கடைசி வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் நான்கு வரி வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதுகிறார். பையன் சுவரோர இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வோர் எழுத்துக்கும் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்க்கிறான். குனியும்போது விட்ட இடம் தெரியவில்லை. மணி அடிக்கும்போது ஒரு வரிதான் முடிந்திருக்கிறது. இப்படி இன்னும் இரண்டு நாள் பார்த்துக் குறித்துக்கொண்டால் தொடக்க நிலை கையில் வந்துவிடும். இது இல்லாமல் எழுதப்படும் இலக்கில் முன்னேற்றத்தை யாராலும் காட்ட முடியாது. ஆனாலும் பெரும்பாலான தாள்களில் விடுபட்டுப்போவது இதுதான்.

இப்போது எழுதலாம்: ‘பருவ இறுதிக்குள், கடைசி வகுப்பில் பலகையில் எழுதப்படும் நான்கு வரி வீட்டுப்பாடத்தை, மணி அடிப்பதற்குள், வீட்டில் உள்ளவர்கள் படிக்கும்படி, வாரத்தில் நான்கு நாட்களாவது நாட்குறிப்பில் எழுதிக்கொள்வான். ஆசிரியர் ஒரு முறை நினைவூட்டலாம்.’ அவனை முன்பின் அறியாத ஒருவர்கூட இதைப் படித்துவிட்டு, நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நமக்கு வேண்டியது அவன் பார்த்து எழுதப் பழகுவதா, வீட்டுப்பாடம் வீடு போய்ச் சேர்வதா? பின்னதுதான் வேண்டுமென்றால், அச்சிட்ட தாளை நாட்குறிப்பில் ஒட்டிக்கொண்டாலும் இலக்கு நிறைவேறியதாகத்தான் கொள்ள வேண்டும். இருக்கையை மாற்றினாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடலாம். கருவியோ இடமாற்றமோ பயன்படுத்தினால் அது தோல்வி என்ற எண்ணம் பெற்றோரிடமும் தெரபிஸ்டுகளிடமும் ஆழமாக ஊறியிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பவரிடம் நாம் அப்படிச் சொல்வதில்லையே. எதற்காக இந்த இலக்கு என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

‘நிறைவேறியது, நிறைவேறவில்லை’ என்ற இரண்டே பெட்டிகள் போதாது என்று தோன்றினால், 1968இல் கிரெசுக், ஷெர்மன் இருவரும் வகுத்த இலக்கு எட்டல் அளவுகோல் இருக்கிறது. எதிர்பார்க்கும் நிலை 0. அதற்குக் கீழே -1, -2. மேலே +1, +2. நம் பையனுக்கு ஒரு வரி எழுதும் இன்றைய நிலை -2, வாரத்தில் இரண்டு நாள் நான்கு வரியும் முடிப்பது -1, நான்கு நாள் முடிப்பது 0, ஐந்து நாளும் முடிப்பது +1, நினைவூட்டலே இல்லாமல் ஐந்து நாளும் முடிப்பது +2. இந்த ஐந்தையும் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட வேண்டும். பருவ முடிவில் உட்கார்ந்து எழுதினால் விருப்பம்போல் வளைந்துகொடுக்கும்.

பிள்ளையைக் கேட்டீர்களா?

பெற்றோரிடம் கேட்கிறோம், ஆசிரியரிடம் கேட்கிறோம். கையெழுத்து அழகாக வேண்டும் என்கிறார்கள். பிள்ளையின் கவலையோ ஓடும்போது நாடா அவிழ்ந்து எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்குத் தங்கள் இலக்கைச் சொல்லத் தெரியாது என்பது வசதியான நம்பிக்கை. படங்களைக் காட்டி ‘இவர்களில் நீ யாரைப் போல?’ என்று கேட்கும் முறைகள் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கே இருக்கின்றன. பெரிய பிள்ளைகளிடம் 1991இல் கனடாவில் வெளியான செயல்திறன் அளவீட்டு முறையைப் பயன்படுத்தலாம். ஒரு செயலைத் தான் எவ்வளவு நன்றாகச் செய்கிறோம், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை பிள்ளையே மதிப்பெண் போடுவான். மறுபடி கேட்கும்போது இரண்டு புள்ளி கூடியிருந்தால், பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று வழக்கமாகக் கொள்வார்கள். தானே தேர்ந்தெடுத்த இலக்குக்காகப் பிள்ளை படும்பாடு, நாம் திணித்ததற்காகப் படுவதைவிடப் பல மடங்கு.

‘பத்து நிமிடம் அசையாமல் உட்காருவான்’, ‘பேசுபவரின் கண்ணைப் பார்ப்பாள்’ போன்றவற்றை என்னால் இலக்கு என்று ஏற்க முடிவதில்லை. அவை பெரியவர்களின் சௌகரியத்துக்காக எழுதப்படுபவை. சில பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டே கதை கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். கவனம் வேண்டுமென்றால் கவனத்தின் விளைவை எழுதுங்கள்: ‘குழுவில் தன் பங்கு வேலையை முடிப்பாள், நின்றுகொண்டு செய்தாலும் சரி.’

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று, அதற்கு மேல் வேண்டாம். யார் குறித்துக்கொள்வது என்பதையும் இலக்கோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். நிறையப் பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கும் ஆசிரியரிடம் பத்துக் கட்டம் உள்ள படிவத்தைக் கொடுத்தால் அது மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். நாளுக்கு ஒரு ‘டிக்’ என்றால் செய்துவிடுவார்.

இலக்குக்கும் வயதாகும். ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளையின் தாளில் இரண்டாம் வகுப்பிலிருந்து தொடரும் ‘வரிக்குள் எழுதுவான்’ இன்னமும் இருந்தால், அடுத்த கூட்டத்தில் தட்டச்சைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். தட்டச்சில் அவனுடைய இன்றைய வேகம் நிமிடத்துக்கு எத்தனை சொல், கையால் எழுதும்போது எத்தனை சொல் என்று இரண்டையும் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டு போனால் அந்தக் கூட்டம் சீக்கிரம் முடியும்.